முதற்பொருளும் முந்திரிகையும்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தின் அவையில் ஜெர்மனி நாட்டுத் திராட்சைக் கொடி ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் எழுவது இயல்பே. மதுவின் பெருமை பேசுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஒரு கனியின் சுவை எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வியே இதன் பொருள். மேலைநாட்டார் இக்கேள்வியைத் திராட்சையை முன்வைத்தே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். மண், மலைச்சரிவு, வெயில், மழை, காற்று, அவ்விடத்து மக்களின் கைப்பழக்கம் ஆகிய யாவும் கூடிக் கனிக்குத் தரும் தனித்தன்மையைப் பிரெஞ்சு மொழியில் ஒரே சொல்லால் 'தெருவார்' என்பர். அந்தச் சொல் தமிழ் கற்றோர்க்குப் புதிதாக இருக்கலாம். அதன் பொருள் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றிலிருந்தே உணவும் மரமும் பறவையும் தொழிலும் ஆகிய கருப்பொருள்கள் அமைகின்றன என்றும் தொல்காப்பியம் வகுத்துள்ளது. கவிதைக்கு வகுத்த அவ்விலக்கணத்தை ஒரு கொடியின் மேல் வைத்துப் பார்க்க முயல்கிறது இவ்வுரை. பார்க்கும் இடம் பழனி மலை.

பெயரும் பழமையும்

திராட்சை என்னும் சொல் வடமொழி வழிவந்தது. தமிழில் இதற்குக் கொடிமுந்திரி என்றும் முந்திரிகை என்றும் பெயர்கள் உண்டு. ஈழத்தில் முந்திரிகை என்ற சொல் இன்றும் திராட்சையையே குறிக்கிறது. தமிழகத்திலோ முந்திரி என்றால் கடற்கரைத் தேரிகளில் விளையும் கொட்டை என்றாகிவிட்டது. சொல்லும் ஒரு செடிதான். நிலம் மாறினால் வேறு பொருளைக் காய்க்கிறது.

கொடி வருவதற்கு முன்பே அதன் சாறு தமிழகத்துக்கு வந்துவிட்டது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் குறிக்கிறார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்கரையிலிருந்து மதுவைச் சுமந்துவந்த இருபிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. குறிஞ்சி நிலத்தார்க்கு அந்தச் சாடி தேவைப்படவில்லை. தேனை மூங்கில் குழாயில் இட்டு முதிர வைத்த தேறலைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. மலை தந்த இனிப்பு, மலை தந்த கலம், அவற்றோடு காலம் என்னும் மூன்றும் கூடிய ஆக்கம் அது. ரீஸ்லிங்கின் கதையிலும் இம்மூன்றே வருகின்றன.

ரீஸ்லிங்கின் நிலம்

ரீஸ்லிங் என்பது வெள்ளைத் திராட்சை வகைகளுள் ஒன்று. ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியில் ருசெல்ஸ்ஹைம் என்னும் ஊரில், கட்சநெல்ன்போகன் கோமகனின் கணக்கேட்டில், 1435 மார்ச் 13 தேதியிட்ட பதிவில் ரீஸ்லிங் கொடிகள் வாங்கிய செலவு காணப்படுகிறது. அப்பெயர் இடம்பெற்ற மிகப் பழைய ஆவணமாக அது கருதப்படுகிறது. ஒரு கவிஞன் பாடியதால் அன்றி ஒரு கணக்கன் எழுதி வைத்ததால் அப்பெயரின் தொன்மை உறுதியாயிற்று. இதன் பெற்றோருள் ஒன்று 'குவே பிளாங்க்' என்னும் எளிய குடியானவர் திராட்சை என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. உயர்ந்தோர் மேசையில் இடம்பெறும் பழத்தின் தாய்வீடு உழவன் தோட்டமே.

இக்கொடியின் இயல்புகள் சிலவற்றை அறிந்தால் மற்றவை தாமே விளங்கும். இதன் கட்டை கடுங்குளிரைத் தாங்கும். வசந்தத்தில் இது பிந்தித் துளிர்ப்பதால் கடைசி உறைபனிக்குப் பெரும்பாலும் தப்புகிறது. குலை சிறியது, மணிகளும் சிறியவை. பழுப்பது மிகவும் தாமதம். சூன் மாதத்தில் பூத்து, அக்டோபரிலும் சில ஆண்டுகளில் நவம்பரிலும் அறுவடைக்கு வருகிறது. இவ்வளவு நீண்ட காலம் கொடியில் தொங்கியும் இதன் புளிப்பு குன்றுவதில்லை. பழத்தின் புளிப்பில் ஒரு பகுதியான மாலிக் அமிலத்தை வெப்பமான இரவுகள் எரித்துவிடும். இரவு குளிர்ந்திருந்தால் அது தங்கும். பகலில் இனிப்பு ஏறிக்கொண்டிருக்க, இரவில் புளிப்பு காக்கப்படுகிறது. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று விட்டுக்கொடாமல் நிற்பதே ரீஸ்லிங்கின் சுவை.

இதற்கேற்ற நிலங்களுள் புகழ்பெற்றது மோசெல் ஆற்றுப் பள்ளத்தாக்கு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 50 பாகையில் அமைந்தது அது. அவ்வளவு வடக்கில் திராட்சை பழுப்பதே அரிது. உழவர் அங்கே வெயிலைத் தேடித் தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளில் கொடி நட்டனர். பிரெம் என்னும் ஊரருகே உள்ள கால்மோன்ட் சரிவு 60 பாகைக்கும் மேற்பட்ட சாய்வுடையது. நிற்பதே கடினமான அவ்விடத்தில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கழி நட்டு, இரண்டு கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டுவது பழைய வழக்கம். அச்சரிவின் மண் சிலேட்டுக்கல். பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகிய பலகையின் அதே கல். அது பகலில் வெயிலை வாங்கி வைத்து மாலைக்குப் பின் மெல்ல விடுகிறது. மழைநீரைத் தேக்காமல் வடிக்கிறது. கீழே ஓடும் ஆறு குளிரின் கடுமையைத் தணிக்கிறது.

கல்லின் சுவையே வேர் வழியாக ஏறிக் கிண்ணத்துக்கு வருகிறது என்று சொல்வாரும் உண்டு. அழகிய கற்பனை எனினும் அறிவியல் அதனை ஏற்கவில்லை. கல் ஆள்வது வெப்பத்தையும் நீரையும். அவை ஆள்வது கொடியை. கொடி ஆக்குவது சுவையை. முதற்பொருளுக்கும் கருப்பொருளுக்கும் இடையே உள்ள உறவும் இத்தகையதே. குறிஞ்சிப் பாட்டில் மலை நேரே பேசுவதில்லை. தினையும் கிளியும் அருவியும் அதற்காகப் பேசுகின்றன.

பிந்திய தூதன்

நிலத்தினும் பொழுதின் பங்கை விளக்குவதற்கு ஒரு பழங்கதை உதவும். ரைன் ஆற்றங்கரையிலுள்ள யோகானிஸ்பெர்க் தோட்டம் புல்டா நகரத்து மடாதிபதிக்கு உரியது. அறுவடை தொடங்க அவருடைய இசைவு வேண்டும். 1775-ஆம் ஆண்டு இசைவோலையைக் கொண்டுவர வேண்டிய குதிரைத் தூதன் பல நாள் பிந்தி வந்தான். அதற்குள் பழங்களின் மேல் பூஞ்சை படர்ந்து, மணிகள் சுருங்கிவிட்டன. வேறு வழியின்றிப் பறித்துப் பிழிந்தனர். அந்த மது முன்பு கண்டறியாத இனிமையோடு அமைந்தது. பிந்திய அறுவடை என்ற பொருளுடைய 'ஷ்பேட்லேசே' என்னும் தரப்பெயர் இக்கதையோடு இணைத்துப் பேசப்படுகிறது. அத்தூதனுக்கு அங்கே சிலையும் உண்டு.

நடந்தது இவ்வளவே: அப்பூஞ்சை பழத்தோலில் நுண்துளைகள் இடுகிறது. பழத்திலுள்ள நீர் அவ்வழியே ஆவியாக, இனிப்பும் புளிப்பும் செறிகின்றன. காலையில் மூடுபனியும் பகலில் வெயிலும் மாறிமாறி வந்தால்தான் இது நற்பயன் தரும். ஈரம் நீடித்தால் அதே பூஞ்சை குலையை அழுகச் செய்து வீணாக்கிவிடும். இன்னும் பிந்திக் காத்திருந்து, குளிர் சுழிக்குக் கீழே 7 பாகைக்கு இறங்கிய விடியலில், உறைந்த மணிகளையே பறித்துப் பிழிவதும் உண்டு. அதனைப் பனிமது என்பர். நீர் பனிக்கட்டியாகப் பிழிபொறியில் தங்கிவிட, செறிந்த சாறு மட்டும் வடிகிறது.

பறித்த பின் செய்யும் பணியிலும் ஓர் அடக்கம் காணப்படுகிறது. குளிர்ந்த நிலவறையில் மெதுவாக நொதிக்க விடுகின்றனர். புதிய ஓக் மரப் பீப்பாயின் மணத்தைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. பழைய பீப்பாய் அல்லது எஃகுக் கலமே போதும். மேற்பூச்சு இல்லாததால் ஒரு சரிவின் ரீஸ்லிங்குக்கும் அடுத்த சரிவின் ரீஸ்லிங்குக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. இளமையில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் மணக்கும் இம்மது, பல்லாண்டு முதிர்ந்த பின் தேனின் மணத்தையும், வியப்புக்குரிய வகையில் மண்ணெண்ணெயை நினைவூட்டும் மணத்தையும் பெறுகிறது. வெயில் மிகுந்து பட்ட பழத்தில் அம்மணம் விரைந்து தோன்றும்.

கொடைக்கானல் குளிர் போதுமா?

இவ்வளவும் கேட்டபின் ஓர் எண்ணம் எழக்கூடும். குளிர்தான் ரீஸ்லிங்கின் உயிர் என்றால், கொடைக்கானலில் குளிர் இல்லையா? கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் சரிவுகள் இல்லையா? 1845-இல் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் முதல் வீடுகளைக் கட்டியதிலிருந்து ஐரோப்பியரும் அமெரிக்கரும் வாழ்ந்த ஊர் அது. 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்சு ஏரியை அமைத்தார். பேரிக்காயும் பிளம்சும் அங்கே வேர்பிடித்தன. திராட்சைக்கு மட்டும் அம்மலை ஊராகவில்லை. ஏன்?

விடை பொழுதில் இருக்கிறது. மோசெல் பள்ளத்தாக்கில் கோடை கோடையாகவும் குளிர்காலம் குளிர்காலமாகவும் இருக்கின்றன. கோடையில் 16 மணி நேரம் பகல்; குளிர்காலத்தில் 8 மணி நேரமே. கொடைக்கானலோ 10 பாகை வடக்கில் இருப்பது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அங்கே ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. கொடைக்கானலின் மே மாதம் மோசெலின் சூலை மாதத்தைவிடக் குளிர்ந்தது. அதன் சனவரியோ மோசெலின் சனவரியைவிட மிக வெதுவெதுப்பானது. ஆண்டு முழுதும் நிலவும் இளங்குளிர் மனிதர்க்கு இன்பம் தரும். திராட்சைக் கொடியோ பழுக்கப் போதிய கோடையும் பெறாது. உறங்கப் போதிய குளிர்காலமும் பெறாது. மழையும் பகைதான். பழம் முதிர வேண்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மலையை நனைக்கிறது. மூடுபனி ஏறி இறங்கும் சரிவுகளில் அடிச்சாம்பல் நோய்க்கு வேறு அழைப்பு வேண்டாம்.

குளிர் என்பது ஒரு சொல், குளிர்காலங்கள் பல. கூதிரையும் முன்பனியையும் பின்பனியையும் தனித்தனிப் பெரும்பொழுதாக வைத்தெண்ணிய மரபு இவ்வேறுபாட்டை அறியும். கொடைக்கானல் தன் பொழுதைப் பேரிக்காயில் காட்டுவதைவிடப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சரிவுகளில் பூக்கும் நீலக்குறிஞ்சியில்தான் தெளிவாகக் காட்டுகிறது. 2006-இலும் 2018-இலும் அம்மலர் பூத்தது. அந்த நாட்காட்டியை வேறு மலையிலிருந்து கடன் வாங்க இயலாது.

பந்தலின் கீழ்

மலையில் ஏறாத திராட்சை மலையடிக்கு வந்து சேர்ந்தது. பழனி மலையின் தென்முகத்திலிருந்து நோக்கினால் பெரியகுளமும் தேனியும் கீழே தெரியும். அங்கிருந்து தென்மேற்கே நீள்வது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் அப்பகுதியில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில் பன்னீர்த் திராட்சை விளைகிறது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் இதனைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று கூறப்படுகிறது. மேலைநாட்டார் இதனை 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பர். பெற்றோருள் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். மற்றொன்று ஜெர்மனியில் துரோலிங்கர் என வழங்கும் கருந்திராட்சை. பன்னீர்த் திராட்சைக்கும் ரீஸ்லிங்கின் நாட்டில் ஓர் உறவு உண்டு என்பது இதனால் பெறப்படும்.

உறவு மணத்திலும் உண்டு. ரீஸ்லிங்கின் பூமணத்துக்குக் காரணமான டெர்பீன் என்னும் பொருள்களே மஸ்கட் குடும்பத்தில் மேலும் மிகுதியாக உள்ளன. அவற்றுள் ஒன்றான ஜெரானியால் ரோசா மலரிலும் இருப்பது. ஆய்வுக்கூடம் கண்டறிவதற்கு முன்பே அப்பழத்தை முகர்ந்தவர்கள் பன்னீர் என்று பெயர் வைத்துவிட்டனர். ஊர்மக்களின் மூக்கு வைத்த பெயர் அது, சரியாகவே வைத்திருக்கிறது.

எனினும் இங்கே கொடிக்குக் குளிர்காலம் இல்லை. விட்டுவிட்டால் இலையும் தழையுமாக ஓயாது படரும், காய்ப்பு ஒழுங்குபடாது. உறக்கத்தைத் தராத பொழுதுக்கு ஈடாக உழவர் கத்தரியை எடுக்கின்றனர். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலின் கீழ் நின்று, முதிர்ந்த கிளைகளைக் கணுவெண்ணி வெட்டும் பணிக்குக் கவாத்து என்று பெயர். கவாத்து நடந்த சில நாட்களில் எஞ்சிய கணுக்கள் துளிர்க்கும். ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை பழுக்கும். மோசெலில் பனி செய்யும் வேலையைக் கம்பத்தில் மனிதக் கை செய்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி வைப்பதால் ஆண்டு முழுதும் எங்கேனும் ஒரு பந்தலில் அறுவடை நடக்கிறது. இந்தியாவின் பிற பகுதிகளில் பெரும்பாலும் சனவரி முதல் ஏப்ரல் வரையே திராட்சை கிடைக்க, கம்பத்தில் எல்லா மாதங்களிலும் கிடைப்பது இதனால்தான். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

தொல்காப்பியர் வகுத்த நெறி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. திணைகள் தம்முள் மயங்குவதற்குத் தடையில்லை; ஆனால் இரு நிலங்கள் ஒருங்கே மயங்குவதில்லை என்பது அவர் கருத்து. கம்பத்து உழவர் பொழுதை மயக்கியுள்ளனர். ஆண்டுக்கு ஒரு முறை வரும் இலையுதிர்காலத்தை வேண்டிய மாதத்தில் வரவழைக்கின்றனர். நிலத்தை அவர்களால் மயக்க இயலாது. வெதுவெதுப்பான இரவும் விரைந்த முதிர்ச்சியும் பன்னீருக்கு ஒரு சுவை தருகின்றன. அது ரீஸ்லிங்கின் நீடித்த புளிப்பன்று. அவ்வாறு ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. கம்பத்துப் பழம் பெரும்பாலும் பழமாகவே கூடையில் ஏறிச் சந்தைக்குப் போகிறது. அந்தப் பயன்பாட்டுக்கு அது பொருந்தியே நிற்கிறது.

மலையின் சொந்தக் கனி

அப்படியெனில் பழனி மலைக்கு ஒரு ரீஸ்லிங் இல்லையா? உண்டு. அது கொடியில் காய்ப்பதில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் ஆகிய கீழ்ப்பழனி மலையூர்களில் காப்பிச் செடிகளோடு சேர்ந்து வளரும் விருப்பாச்சி வாழையே அது. ஒட்டன்சத்திரத்துக்கு அருகே மலையடியிலுள்ள ஊரின் பெயரையே அதுவும் கொண்டுள்ளது. சமவெளி வாழைகளைவிட மெதுவாக வளர்வது. தார் தள்ளி முதிரக் கூடுதல் மாதங்கள் எடுத்துக்கொள்வது. பழம் சிறிது, நீர்ப்பதம் குறைவு, இனிப்போடு இழையோடும் புளிப்பும் தனி மணமும் உண்டு. கீழே கொண்டுபோய் நட்டால் அந்தச் சுவை வாய்ப்பதில்லை என்பது உழவர் பட்டறிவு. தாமதம், உயரம், இரவின் குளிர் என ரீஸ்லிங்கைப் பற்றிச் சொல்லிய யாவும் இதற்கும் பொருந்துவதைக் கேட்போர் உணரலாம்.

இப்பழம் ஏறும் பீடம் பழனி. விருப்பாச்சிப் பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலம் ஆகியன சேர்த்துப் பிசையும் பஞ்சாமிர்தம் நீண்ட நாள் கெடாமல் இருப்பதற்குப் பழத்தின் குறைந்த நீர்ப்பதமும் ஒரு காரணம். மூங்கில் குழாயில் தேனை முதிர வைத்த மலையில், தேனும் கனியும் கூடிய வேறொரு பாதுகாப்புமுறை முருகன் கோயில் திருவமுதாக நிலைத்தது. விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-09-இலும், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆயினும் குறியீடு கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்பே வாழை மலையிலிருந்து மறையத் தொடங்கிவிட்டது. முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோயே காரணம். வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி அதனைப் பரப்புகிறது. நோயுற்ற மரத்தின் இலைகள் சிறுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், தார் வராது. அம்மரத்தின் பக்கக்கன்றை எடுத்து நட்டால் நோயையும் சேர்த்தே நட்டதாகும். கன்று கொடுத்துக் கன்று வாங்கும் பழைய நல்லுறவே நோய் பரவும் வழியாயிற்று. பாட்டன் நட்ட தோப்பைப் பேரன் வெட்டியெறிந்து மிளகும் காப்பியும் மட்டும் வைத்த கதை கீழ்ப்பழனியில் புதிதன்று.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் திராட்சைக்கும் இத்தகைய பேரழிவு வந்தது. அசுவினிக்கு உறவான பைலாக்சிரா என்னும் பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து வேர்களை உறிஞ்சிக் கொன்றது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களை மீட்டனர். இன்று உலகில் விளையும் ரீஸ்லிங்கில் பெரும்பகுதி அயல்வேரின் மேல் நிற்பது. அக்காலத்தில்தான் பூசண நோய்களுக்கு மருந்தாக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களில் பிறந்தது. இன்று கம்பத்துப் பந்தலிலும் அப்பெயர் வழங்குகிறது. விருப்பாச்சிக்கு ஒட்டு வழியில்லை. நச்சுயிரி இல்லையெனச் சோதித்த தாய்மரத்திலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்று ஆக்கி உழவர்க்குத் தருவதே வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அப்பணியை மேற்கொண்டது. கீழ்ப்பழனியில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையமும் அதற்கு உரியது. ஆனால் தூய கன்றை நட்ட தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் நோயுற்ற மரம் நின்றால், அசுவினி வேலியை மதிப்பதில்லை. ஊர் முழுதும் ஒன்றுபட்டு நோயுற்ற மரங்களை அகற்றினால்தான் மீட்சி நிலைக்கும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு பெயருக்குக் காவல், மரத்துக்குக் காவலன்று. வேறிடத்துப் பழத்தை விருப்பாச்சி என்று விற்பதை அது தடுக்கலாம். விருப்பாச்சியை வளர்ப்பவர் ஓய்ந்துபோனால் அது என்ன செய்யும்? மோசெலிலும் இதே கவலை உண்டு. உலகறிந்த பெயர் இருந்தும், செங்குத்துச் சரிவில் உழைக்க ஆளின்றித் தோட்டப் பரப்பு 1990-களில் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைந்துள்ளது. ஏறிய விலை ஏறிய உழைப்புக்கு ஈடாகவில்லையெனில் மகன் கழியைக் கைவிட்டு நகரத்துக்குப் போகிறான்.

பொழுதும் நிலைப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு விளைச்சலில் ஜெர்மனியின் எந்தப் பகுதியிலும் பனிமது எடுக்க இயலவில்லை. சுழிக்குக் கீழே 7 பாகை என்னும் குளிர், வேண்டிய பொழுதில் எங்கும் வரவில்லை. நிலம் அங்கேயே இருந்தது, கொடியும் இருந்தது, உழவர் விடியலில் காத்திருந்தனர், பொழுது மட்டும் வரவில்லை. முதற்பொருளில் ஒன்று நழுவினால் கருப்பொருள் பிறவாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேட வேண்டுவதில்லை.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

ரீஸ்லிங்கின் பெயரை 1435-இல் ஒரு கணக்கேடு காத்தது. பிந்திய தூதனை ஒரு கதை காத்தது. பன்னீர் என்னும் மணத்தை ஊர்வழக்கு காத்தது. கீழ்ப்பழனியில் வாழையின் ஒவ்வொரு உறுப்புக்கும், அது நிற்கும் சரிவுக்கும், வெட்டும் பருவத்துக்கும், அதனை வருத்தும் நோய்க்கும் உழவர் வாயில் சொற்கள் இருக்கின்றன. அவற்றுள் பல எந்த அகராதியிலும் ஏறாதவை. தோப்பு குறையக் குறைய அச்சொற்களைச் சொல்லும் வாய்களும் குறைகின்றன.

திணை பாடிய மரபின் வழிவந்த கவிஞர்கள் குறிஞ்சி என்ற சொல்லை எழுதுவது எளிது. தாண்டிக்குடிச் சரிவில் காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே எஞ்சி நிற்கும் ஒரு வாழையின் அடியில், அதனை நட்டவரோடு அமர்ந்து, அவர் அதன் ஓலையையும் தாரையும் எச்சொல்லால் சுட்டுகிறார் எனக் கேட்டு எழுதுவது அரிது. இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் அதனைச் செய்யுமாயின், இருபதாம் ஆண்டு மலரில் அச்சொற்கள் அச்சேறும். அவை அச்சேறும் நாளில் அந்த மரமும் சரிவில் நிற்க வேண்டும் என்பதே இவ்வுரையின் விருப்பம்.